லைலாவின் மறுமொழி

லைலா–மஜ்னூன் கதை என்றதும் பாலையில் அலையும் கைஸையே நாம் நினைக்கிறோம். லைலா என்ன சொன்னாள் என்று கேட்பார் குறைவு. 10ஆம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ தொகுத்த 'கிதாபுல் அகானீ' தரும் செய்திகளில் மறுப்பவர் அவளுடைய தந்தை. மகளின் பெயரை ஊரறியப் பாடியவனுக்கே அவளை நிகாஹ் செய்து கொடுப்பது கபீலாவுக்கு இழுக்கு என்பது அக்கால வழக்கு. (மஜ்னூன் என்றொருவர் வாழ்ந்தாரா என ஐயுற்றோரின் கூற்றுகளையும் அந்நூல் மறைக்கவில்லை.) 1188இல் நிஜாமீ பாரசீகத்தில் இயற்றிய காவியத்தில் லைலாவும் கவி புனைகிறாள், ஆயினும் மணமுடிவு தந்தையிடமே.

எகிப்தியக் கவிஞர் அஹ்மத் ஷவ்கீயின் 'மஜ்னூன் லைலா' நாடகத்தில் (1931) தந்தை முடிவை மகளிடமே விடுகிறார். அவளோ கைஸை நேசித்துக்கொண்டே, குலமானம் கருதி வர்து என்பவனை ஏற்கிறாள். பிறகு அதற்காகவே உருகி மடிகிறாள். ஷவ்கீ அவளுக்கு உரிமை வழங்கினார் என்பர் சிலர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தந்தையின் வாயிலிருந்த வழக்கத்தை மகளின் வாய்க்கு மாற்றினார். பழியையும் சேர்த்தே மாற்றினார்.

பின்னாளில் ஸலாஹ் அப்துஸ் ஸபூர் எழுதிய 'லைலாவும் மஜ்னூனும்' நாடகம், 1952 புரட்சிக்கு முந்தைய கெய்ரோவில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நிகழ்கிறது. அங்குள்ள இளைஞர்கள் ஷவ்கீயின் நாடகத்தையே ஒத்திகை பார்க்கின்றனர். இம்முறை தயங்கி நிற்பது லைலா அன்று. அவளை நேசிக்கும் கவிஞன் ஸயீது.