கோலாவும் வீட்டுமனையும் – ஒரு தேர்தலின் கதை

ஆஸ்திரேலியா என்றதும் கங்காருவுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது கோலா. பஞ்சு போன்ற காது, கறுப்பு மூக்கு, மரக்கிளையைக் கட்டிப்பிடித்தபடி நாள் முழுக்கத் தூக்கம்! "கோலா கரடி" என்று பலரும் சொன்னாலும் இது கரடி இனம் அல்ல. கங்காருவைப் போலவே குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் பிராணி. சாப்பாடு யூகலிப்டஸ் இலை. ஊட்டிப் பக்கம் தைல மரம் என்கிறார்களே, அதே குடும்பம்.

இந்தப் பிராணியின் பெயரால் ஒரு மாநில அரசே ஆட்டம் கண்டது. அப்படியும் கோலாவைக் காப்பாற்ற முடியவில்லை. ஏன்?

தோலுக்காகக் கொன்ற காலம்

19-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே கோலாவின் தோல் ஒரு ஏற்றுமதிச் சரக்கு. வெளிநாடுகளில் குளிர்கால உடைகளுக்கு அதற்கு நல்ல கிராக்கி. 1927 ஆகஸ்டில் குயின்ஸ்லாந்து அரசு ஒரு மாதம் வேட்டைக்கு அனுமதி கொடுத்தது. அந்த ஒரே மாதத்தில் சுமார் 6 லட்சம் கோலாக்கள் கொல்லப்பட்டன. மக்கள் கொதித்துப் போனார்கள். அதன்பிறகு அங்கே வேட்டைக்கு அனுமதி தரப்படவே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோல் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், கப்பல் வேண்டும், வாங்க ஆள் வேண்டும். உரிமம் தருவதை அரசு நிறுத்தினால் வியாபாரம் படுத்துவிடும். ஒரு கதவைச் சாத்தினால் போதும். அடுத்து வந்த எதிரிக்கு அப்படி ஒரே கதவு இல்லை.

சாலை வந்தது, ஓட்டு போனது

குயின்ஸ்லாந்தின் தலைநகர் பிரிஸ்பேன். அதன் தெற்கே கடற்கரைச் சுற்றுலா நகரமான கோல்ட் கோஸ்ட். இரண்டும் வேகமாக வளர்ந்தன. நடுவில் இருந்த ஒரே நெடுஞ்சாலை போக்குவரத்தில் திணறியது. 1990களின் நடுவில் வெயின் காஸ் தலைமையிலான தொழிற்கட்சி அரசு புதிய சுங்கச்சாலை ஒன்றைப் போடத் திட்டமிட்டது. அதன் பாதை கோலாக்கள் வாழும் காட்டின் வழியே சென்றது.

காஸ் சாதாரண ஆள் இல்லை. 32 ஆண்டுகள் எதிர்க்கட்சியாகவே இருந்த தொழிற்கட்சியை 1989-ல் ஆட்சியில் அமர்த்தியவர். 1992 தேர்தலில் மொத்தம் 89 இடங்களில் 54 இடம் பிடித்தார். ஆனால் 1995 ஜூலைத் தேர்தலில் கிடைத்தது வெறும் 45! சாலைக்கு எதிர்ப்புக் கிளம்பிய பிரிஸ்பேனின் தெற்குப் புறநகர்த் தொகுதிகள் கையை விட்டுப் போயின. பத்திரிகைகள் அவற்றுக்கு "கோலா தொகுதிகள்" என்றே பெயர் வைத்தன.

வெறும் 16 ஓட்டில் ஜெயித்த மண்டிங்பரா தொகுதியின் முடிவை நீதிமன்றம் செல்லாது என்றது. 1996 பிப்ரவரி இடைத்தேர்தலில் அதுவும் போனது. காஸ் பதவி விலக, ராப் போர்பிட்ஜ் முதல்வரானார். புதிய சாலைத் திட்டம் கைவிடப்பட்டு, பழைய நெடுஞ்சாலையே அகலப்படுத்தப்பட்டது.

கோலா ஜெயித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கணக்கு சொன்ன கதை

பிரிஸ்பேனின் தென்கிழக்கே, ரெட்லேண்ட், லோகன் நகரங்களையும் தொட்டுக்கொண்டு சுமார் 375 சதுர கிலோமீட்டர் பரப்பு "கோலா கோஸ்ட்" எனப்படுகிறது. சாலைத் தகராறு நடந்த வட்டாரம் இதுதான். இங்கே அரசு எடுத்த கணக்கெடுப்பில் 1999 வாக்கில் 6,246 கோலாக்கள் இருந்தன. 2006-ல் 4,611. 2008-ல் 2,279. பத்து வருடம்கூட ஆகவில்லை, மூன்றில் இரண்டு பங்கு காலி!

சாலையைத்தான் நிறுத்தினார்களே, பிறகு எப்படி? வீடுகள் நிற்கவில்லை. அதுதான் பதில்.

வளமான தாழ்நிலத்தில் வளரும் யூகலிப்டஸ் மரங்களைத்தான் கோலா அதிகம் விரும்பும். மனிதனுக்கும் அதே நிலம்தான் வேண்டும். மரம் வெட்டப்பட்டால் கோலா உடனே செத்துவிடுவதில்லை. அடுத்த மரத்தைத் தேடித் தரையில் இறங்கி நடக்கிறது. அப்போது கார் மோதுகிறது, வீட்டு நாய் கடிக்கிறது. கிளாமிடியா என்ற நோய் வேறு அவற்றின் கண்ணைக் கெடுத்து, மலடாகவும் ஆக்குகிறது. பெண் கோலா ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் போடுவது அபூர்வம். இழப்பை ஈடுகட்ட வழியே இல்லை.

சட்டம் இல்லையா? இருந்தது. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் 1995-லேயே கோலா வாழிடத்துக்குத் தனி விதி கொண்டு வந்தது. அந்தப் பட்டியலில் 10 மர வகைகள் இருந்தன. நிலத்தில் உள்ள மரங்களில் 15 சதவீதமாவது அந்த வகைகளாக இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் பட்டியலை 123 ஆக விரித்தபோது, கூட்டணிக் கட்சியான நேஷனல் கட்சி எதிர்த்து நின்றது. செப்டம்பரில் ஆட்சியே கவிழும் நிலை வந்தது. அந்த ஆண்டே பழைய விதி கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வந்தது.

குயின்ஸ்லாந்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே நில உபயோக விதியை மாற்றியதால் மனையின் மதிப்பு குறைந்தால், உரிமையாளர் உள்ளாட்சியிடம் நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. ஏற்கெனவே குடியிருப்புப் பகுதி என்று குறித்த காட்டை மறுபடி காடாக்க வேண்டுமானால் பணம் வேண்டும். நிலத்தின் மதிப்பு கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. அங்கிருந்து இறங்கிப்போன கோலாவின் மதிப்பு எந்தப் பக்கத்திலும் ஏறுவதில்லை.

யார் குற்றவாளி?

ஒரு சுங்கச்சாலை என்றால் வரைபடத்தில் ஒரு கோடு. அதை எதிர்த்துப் பேரணி போகலாம், ஓட்டுப் போடலாம். ஆனால் இருபது மனை கொண்ட ஒரு லே-அவுட்டை எதிர்த்து எந்த அரசும் கவிழ்வதில்லை. ஒவ்வொரு அனுமதியும் சின்னதுதான். வீடு வாங்குகிறவரும் கோலாவை வெறுப்பவர் அல்ல; தலைக்கு மேல் ஒரு கூரை கேட்கிறார், அவ்வளவுதான். சாலையை எதிர்த்த பலரும் அதே புறநகர் வீடுகளில் வாழ்ந்தவர்கள்தான்.

2012-ல் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பிரதேசம் ஆகியவற்றின் கோலாக்களை ஆஸ்திரேலிய அரசு "பாதிக்கப்படக்கூடியவை" என்று அறிவித்தது. 2019-20 காட்டுத்தீக்குப் பிறகு, 2022 பிப்ரவரியில் அது "அழியும் ஆபத்தில்" என்று மாறியது.

துப்பாக்கிக்கு எதிராகக் கோலா ஜெயித்தது. சாலைக்கு எதிராகவும் ஜெயித்தது. வீட்டுமனையிடம்தான் தோற்றுக்கொண்டிருக்கிறது. காரணம், அங்கே ஒரே ஒரு எதிரி இல்லை. ஆளுக்கொரு மரமாக எல்லோரும் வெட்டும் காட்டுக்கு யார் பொறுப்பு?