சீகிரியாவின் நீரும் உடலின் குருதியும்

சீகிரியா என்றதும் காசியப்பனின் தந்தைக்கொலையும் பாறையில் தீட்டிய பாவையருமே பலர் நினைவுக்கு வருவர். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட அம்மன்னனின் நகரில் இவற்றினும் நுணுகி நோக்கற்பாலது குன்றின் மேற்கே விரிந்துள்ள நீர்ப்பூங்காவாகும். சற்றே உயரத்தில் உள்ள ஆழமற்ற தேக்கங்களிலிருந்து நிலத்தடிக் கற்கால்வாய்கள் வழியே வரும் நீர், துளையிட்ட சுண்ணக்கற் பலகைகளின் ஊடாக மேலெழுந்து சிதறுகிறது. எவ்விதப் பொறியும் இல்லை. நீர்மட்ட வேறுபாடு ஒன்றே அதனை இயக்குகிறது. மாரிக்காலத்தில் இவ்வூற்றுகள் இன்றும் இயங்குவதைக் காணலாம். குன்றின் உச்சியிலோ மழைநீரைச் சேர்த்து வைக்கப் பாறையைக் குடைந்து குளம் அமைத்தனர்.

இத்தகைய சமுதாயம் மனித உடலை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்ற வினா இங்கு எழுகிறது. விடை தேட ஓரளவு இடமுண்டு. காசியப்பனுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, 4ஆம் நூற்றாண்டில், அநுராதபுரத்தில் ஆண்ட புத்ததாசன் தானே மருத்துவனாக விளங்கினான் என்றும், பத்து ஊர்களுக்கு ஒரு மருத்துவரை நியமித்தான் என்றும் சூளவம்சம் கூறும். அவன் பெயரால் வழங்கும் சாரார்த்த சங்கிரகம் வடமொழி மருத்துவ மரபில் வந்த நூல். அம்மரபின் தலையாய நூல்களுள் ஒன்றான சுஸ்ருத சம்ஹிதை, குழாய்களால் உடல் ஊட்டம் பெறுவதை விளக்க ஓர் உவமையைக் கையாளுகிறது. வாய்க்கால்களால் தோட்டமும் வயலும் நீர் பெறுவது போன்றதே அது என்கிறது. உடலின் வழிகளுக்கு அம்மரபினர் இட்ட பெயரான ‘சுரோதஸ்’ என்பதற்கும் ஓடை என்றே பொருள். (நம் பாடநூல்களில் வரும் ‘நாளம்’ என்ற சொல்லும் உள்ளே துளையுடைய பூந்தண்டைக் குறிப்பதே.)

இதனை வெறும் அணியாகக் கொள்ளுதல் பொருந்தாது. நோயின் தோற்றத்தையே அவர்கள் இவ்வுவமையால் சிந்தித்தனர். ஓடையில் சேறு அடைத்தால் கீழ்வயல் காய்வது போல, சுரோதஸ் அடைபட்டால் உறுப்பு வாடும். உண்ட உணவின் சாரம் குருதி, ஊன், கொழுப்பு, என்பு என ஒன்றன்பின் ஒன்றாகத் தாதுக்களை நிரப்புவதை, முதல் வயல் நிரம்பிய பின்னர் அடுத்த வயலுக்கு நீர் பாயும் முறையாகவும் விளக்கினர். 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் சக்கரபாணி இதனை எடுத்தாள்கிறார். வாதம், பித்தம், கபம் மூன்றும் சமன்பட்டு நிற்றலே நலம் என்றனர். மருந்தைப் பற்றிய திருக்குறள் அதிகாரமும் இம்மூன்றின் மிகையையும் குறையையுமே நோய்க்குக் காரணமாக்குகிறது. உறுப்புகள் தனித்தனியே இயங்குவன அல்ல. ஒன்றின் கேடு பிறிதொன்றில் வெளிப்படும் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

இத்தெளிவின் உண்மையை ஏறக்குறைய 180 மீற்றர் உயர்ந்த அக்குன்றின் மீது ஏறுபவர் எவரும் தம் உடலிலேயே உணரலாம். காற்றசைகள் மிகுந்த ஒட்சிசனைக் கேட்கின்றன என்று எழுத வேண்டியதில்லை. கால்தசைகள் கேட்கின்றன, சுவாசப்பை விரைகிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது. சமிபாட்டுத் தொகுதிக்குச் செல்லும் குருதி குறைந்து தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. தோல் வியர்த்து வெப்பத்தை வெளியேற்ற, சிறுநீரகம் நீரைச் சிக்கனப்படுத்துகிறது. இவ்வளவையும் நரம்புத் தொகுதியும் ஓமோன்களும் இணைத்து நடத்துகின்றன.

ஆயினும் வாய்க்கால் உவமைக்கு ஓர் எல்லை உண்டு. வயலுக்குப் பாய்ந்த நீர் தேக்கத்துக்கு மீள்வதில்லை. மேனாட்டில் கலனும் இவ்வாறே எண்ணினார்: ஈரலில் உண்டாகும் குருதி உறுப்புகளைச் சேர்ந்து அங்கேயே தீர்ந்துவிடும் என்பது அவர் கொள்கை. 1628இல் வில்லியம் ஹாவி இதனை மறுத்தார். அரைமணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் குருதி உடல் முழுவதிலும் உள்ள குருதியினும் மிகுதி என அவர் கணக்கிட்டுக் காட்டினார். அவ்வளவையும் உணவு புதிதாக ஆக்க இயலாது. ஆதலின் அது திரும்பி வந்தே ஆகவேண்டும். நம் முன்னோர் இதனை முன்னரே அறிந்திருந்தனர் என வாதிடுவோர் உளர். குருதியின் மீட்சியைக் குறிப்பன போன்ற சில தொடர்கள் பழைய நூல்களில் கிடைப்பினும், அளந்து நிறுவாத கூற்றை ஹாவியின் முடிபோடு ஒருங்கு வைப்பது வரலாற்று நெறியாகாது.

அளக்கும் ஆற்றல் இங்கு இல்லாமற் போயிற்று என்றும் கூறுவதற்கில்லை. காசியப்பனின் தந்தை தாதுசேனனது பணியெனக் கொள்ளப்படும், கலாவெவவிலிருந்து அநுராதபுரம் செல்லும் கால்வாய், தொடக்கத்தில் 17 மைல் தூரத்துக்கு மைலுக்கு 6 அங்குலமே சரிகிறது. நீரை அங்குலக் கணக்கில் அளந்தவனும், நோய் கணித்த மருத்துவனும் ஒரே அரசவையின் ஆதரவில் வாழ்ந்தவர்களே. முன்னவனது அளவுகோலைப் பின்னவன் கையிலெடுத்ததாகக் காட்டும் ஏடு எதுவும் இதுவரை கிடைத்திலது.