பணத்தாளில் ஒரு மாணவரின் எழுத்துப் பயிற்சி: ஹெர்பர்ட் பாயர், 1923

ஹெர்பர்ட் பாயரின் எழுத்துருப் பணியை ஆராய்வோர், 1925இல் அவர் உருவாக்கத் தொடங்கிய 'பொது எழுத்துரு'விலிருந்தே தொடங்குவர். ஆயின், வைமர் பௌஹவுஸில் சுவரோவியப் பட்டறை மாணவராக இருந்தபோது, 1923இல் துரிங்கியா அரசு வங்கிக்காக அவர் வடிவமைத்த அவசரகாலப் பணத்தாள்களே இன்றியமையாச் சான்று எனலாம். அச்செழுத்துக் கலைக்கென அங்கு அப்போது தனிப் பட்டறை இல்லை. மார்க்கின் மதிப்பு நாள்தோறும் சரிந்துகொண்டிருந்தது. நுண்செதுக்கு அலங்காரத்திற்கு அவகாசமில்லை. தடித்த எழுத்து, பேரெண், கோடு, வண்ணப்பரப்பு ஆகியனவே எஞ்சின. மில்லியன் என்னும் தொகை முதற்பார்வையிலேயே விளங்கவேண்டும் என்ற தேவை வடிவத்தைத் தீர்மானித்தது. பின்னாளில் அவர் பெரிய எழுத்துகளையே விலக்கியதற்கு இச்சிக்கனமும் ஒரு வேர். அத்தகைய பிரிவே இல்லாத தமிழில் பயில்வோர்க்கு அது வியப்பளிக்காது. பெயர்ச்சொற்கள் யாவும் பெரிய எழுத்தில் தொடங்கும் ஜெர்மன் மொழியிலோ அது இலக்கண மீறலாகும்.