முயலை விரட்டும் ஃபெரெட்: குட்டியை எப்படித் தேர்வு செய்கிறார்கள்? எப்படிப் பழக்குகிறார்கள்? முழு விளக்கம்

பொந்துக்குள் போக வேண்டும். உள்ளே இருக்கும் முயலை வெளியே விரட்ட வேண்டும். வேலை முடிந்ததும் திரும்பி வந்து, வளர்ப்பவரின் கையில் அடங்க வேண்டும். பிரிட்டன் கிராமங்களில் முயல் பிடிக்க வளர்க்கப்படும் ஃபெரெட்டிடம் எதிர்பார்க்கப்படுவது இந்த மூன்றும்தான்.

முதல் இரண்டும் அதற்குப் பிறவியிலேயே வந்துவிடும். மூன்றாவதை மனிதர்தான் பழக்க வேண்டும். அங்கே கோட்டை விட்டால், எவ்வளவு நல்ல வம்சத்துக் குட்டியாக இருந்தாலும் வேட்டைக்கு உதவாது.

ஃபெரெட் என்றால் என்ன?

பார்வைக்கு நம்ம ஊர் கீரி மாதிரி நீளமாக, குட்டைக் காலுடன் இருக்கும். ஆனால் கீரி இனம் அல்ல, நீர்நாய் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வீட்டு விலங்காக மாற்றிய இனம் இது. ஆணை 'ஹாப்' என்றும், பெண்ணை 'ஜில்' என்றும் அழைக்கிறார்கள்.

இன்றைய ஸ்பெயின் பகுதியில், வாய்க்கட்டு போட்ட சிறு விலங்குகளைப் பொந்துக்குள் விட்டு முயல் பிடித்ததை கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ குறிப்பிட்டிருக்கிறார். அந்த விலங்கு ஃபெரெட்தான் என்பது பரவலான கருத்து.

முயலை ஏன் பிடிக்கிறார்கள்?

பிரிட்டனில் காட்டுமுயல் பயிருக்குப் பெரிய தொல்லை. இளம் கோதுமைப் பயிரையும் புல்வெளியையும் மேய்ந்து தீர்த்துவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், நிலத்தில் உள்ள முயலைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு அந்த நிலத்தை வைத்திருப்பவருக்கே உண்டு என்கிறது 1954-ம் ஆண்டுச் சட்டம். விஷப்புகை, துப்பாக்கி, பொறி என்று வேறு வழிகள் இருந்தாலும், ஓசையில்லாத பழைய முறை என்பதால் ஃபெரெட்டுக்கு இன்றும் மவுசு இருக்கிறது.

வேட்டை நடப்பது எப்படி?

பொந்தின் ஒவ்வொரு வாயிலும் ஒரு வலையை விரிப்பார்கள். முயல் பாய்ந்து மோதியதும், பாட்டியின் சுருக்குப்பை போல அந்த வலை இழுபட்டு மூடிக்கொள்ளும். பிறகு ஃபெரெட்டை உள்ளே விடுவார்கள். அதன் வாசனையும் நடமாட்டமும் தெரிந்தவுடன் முயல் வெளியே ஓடிவரும். வலையில் சிக்கிய முயலை வதைக்காமல் உடனே கொன்றுவிட வேண்டும்.

இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். முயலைக் கொல்வது ஃபெரெட்டின் வேலை இல்லை, விரட்டுவது மட்டுமே. உள்ளேயே கொன்றுவிட்டால், அங்கேயே தின்றுவிட்டுப் படுத்துத் தூங்கிவிடும். அப்புறம் மண்வெட்டி எடுத்துத் தோண்ட வேண்டியதுதான். அதனால்தான் இப்போது சிக்னல் அனுப்பும் சிறிய கழுத்துப்பட்டையைக் கட்டி அனுப்புகிறார்கள். மேலே இருப்பவரின் கையில் உள்ள கருவி, ஃபெரெட் இருக்கும் இடத்தையும் ஆழத்தையும் காட்டும்.

குட்டியைத் தேர்வு செய்வது எப்படி?

குட்டிகள் பெரும்பாலும் வசந்த காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் பிறக்கும். 8 வாரம் ஆனதும் தாயிடமிருந்து பிரிக்கலாம். அப்போது கவனிக்க வேண்டியவை:

• கண் தெளிவாக இருக்க வேண்டும். மூக்கு ஒழுகக் கூடாது. வால் பகுதி சுத்தமாக இருக்க வேண்டும்.

• கூட்டருகே போனால் ஓடி ஒளியாமல், யார் வந்தது என்று பார்க்க முன்னால் வர வேண்டும்.

• கையில் தூக்கினால் சிறிது நேரத்தில் அமைதியாக வேண்டும். தொடர்ந்து கத்தினால், யாரும் அதைத் தொட்டுப் பழக்கவில்லை என்று பொருள்.

• தாயைப் பார்க்க வேண்டும். தாய் கைக்கு அடங்கியதாகவும், வேட்டைக்குப் போன அனுபவம் உள்ளதாகவும் இருந்தால் நல்லது.

ஆணா, பெண்ணா? பெண் உருவில் சிறியது. குறுகலான பொந்திலும் எளிதாகப் புகும், வலையைக் கலைக்காமல் உள்ளே நழுவும். அதனால் பலர் பெண்ணையே விரும்புகிறார்கள். நிறத்துக்கும் திறமைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வெள்ளை ஃபெரெட் புதருக்குள் சட்டெனக் கண்ணில் படும். பழுப்பு நிறம் என்றால், அவசரத்தில் முயல் என்று நினைத்து நாய் பாய்ந்துவிடும் ஆபத்து உண்டு.

இதன் பராமரிப்பில் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. பருவத்துக்கு வந்த பெண் ஃபெரெட், இணை சேராவிட்டால் பல மாதங்கள் அதே நிலையில் இருக்கும். உடலில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கூடி, ரத்தசோகை வந்து உயிரே போகலாம். குட்டி வாங்கும்போதே கால்நடை மருத்துவரிடம் இதற்கு வழி கேட்டுக்கொள்ள வேண்டும். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயும் ஃபெரெட்டைக் கொன்றுவிடும். மனிதர்களின் ஃப்ளூ காய்ச்சல்கூட அதற்குத் தொற்றும்.

கைப்பழக்கம்: முதல் பாடம்

குட்டி விளையாட்டாகக் கடிக்கத்தான் செய்யும். அப்போது கையை வெடுக்கென்று இழுத்தால், ஓடும் இரை என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அடித்தால் கையைக் கண்டாலே பயம் வந்துவிடும். பழகியவர்கள் கையை ஆட்டாமல் வைத்திருந்து, அது தானாக விட்ட பிறகு தூக்குவார்கள். தோள்பகுதியைச் சுற்றிப் பிடித்து, மறுகையால் பின்பக்கத்தைத் தாங்கிக்கொள்வார்கள். தினமும் பல முறை, சில நிமிடங்கள் இப்படித் தூக்கினாலே போதும்.

சாப்பாடு வைக்கும்போதெல்லாம் ஒரே மாதிரி ஒலி எழுப்புவது அடுத்த பாடம். நாக்கைச் சொடுக்கலாம், விசில் அடிக்கலாம். அந்தச் சத்தம் கேட்டால் மனிதரிடம் போக வேண்டும் என்பது சில வாரங்களில் பதிந்துவிடும்.

தோட்டத்தில் பிளாஸ்டிக் குழாய்களை வளைவுகளோடு போட்டுவைத்தால், இருட்டுப் பாதையில் போய்வரப் பழகும். கழுத்துப்பட்டை, வேட்டைக்குக் கொண்டுபோகும் மரப்பெட்டி, கூட வரப்போகும் நாய் ஆகியவற்றையும் வீட்டிலேயே அறிமுகம் செய்துவிட வேண்டும்.

முதல் வேட்டை எப்போது?

வழக்கமாக அக்டோபர் முதல் மார்ச் வரைதான் சீசன். புதர்கள் காய்ந்து பொந்துகள் தெரியும், பொந்துக்குள் முயல் குட்டிகளும் குறைவாக இருக்கும். கோடையில் பிறந்த குட்டிக்கு அப்போது நான்கைந்து மாதம் ஆகியிருக்கும். இரண்டு மூன்று வாய்கள் மட்டுமே உள்ள சின்னப் பொந்தாகப் பார்த்துத் தொடங்குவார்கள். முதல் நாளில் ஒன்றிரண்டு பொந்துகளோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மிகப்பெரிய தவறு நடப்பது ஃபெரெட் வெளியே வரும் அந்த நொடியில்தான். தலை தெரிந்ததும் அவசரப்பட்டுப் பிடுங்கினால், அடுத்த முறை அது பொந்தின் வாய் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மாற்றுவது கஷ்டம். முழு உடலும் வெளியே வரும்வரை காத்திருந்து, நிதானமாகத் தூக்க வேண்டும்.

பட்டினி போட்டால் நன்றாக வேட்டையாடுமா?

இல்லை. பசியோடு போகும் ஃபெரெட் முயலைக் கொன்று தின்று, உள்ளேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம். காலையில் கொஞ்சம் இறைச்சி கொடுத்து அனுப்புவதே வழக்கம். ரொட்டியும் பாலும் போதும் என்ற பழைய நம்பிக்கையும் தவறு. இது முழுக்க முழுக்க மாமிச உண்ணி. வேலை முடிந்ததும் தண்ணீர் வைத்து, முயல் உதைத்த காயமோ உண்ணியோ இருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்த வைக்கோலில் படுக்க விட வேண்டும்.

திரும்பி வராவிட்டால் என்ன ஆகும்?

அதற்கு நியூசிலாந்தே சாட்சி. முயலை ஒழிக்க 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபெரெட்டுகளைக் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். முயல் ஒழியவில்லை. மாறாக, கிவி உள்ளிட்ட பறக்க முடியாத பறவைகள் இரையாகின. இன்று அங்கு ஃபெரெட்டை விற்கவோ இனப்பெருக்கம் செய்யவோ தடை இருக்கிறது. பழக்கிய ஃபெரெட் மாலையில் பெட்டிக்குத் திரும்பும். அவிழ்த்துவிட்ட ஃபெரெட் அந்த நாட்டுக்கே தலைவலியாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இது சாத்தியமா?

கூடாது. நம்ம ஊர் காட்டுமுயல் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், அதை வேட்டையாடுவது குற்றம். அது பொந்து தோண்டி வாழும் இனமும் இல்லை, புதரடியில் தரையில்தான் படுத்திருக்கும். ஃபெரெட்டுக்கும் நம் வெயில் ஆகாது. 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமே அதன் உயிருக்கு ஆபத்து.