கணவாயின் இரு கரைகள்

துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கு நோக்கி நின்றால், மழை கழுவிவிட்ட காலைகளில் நீலகிரி தெரியும். ஆனைமலையைக் காண கோவை நகரைக் கடந்து பொள்ளாச்சிப் பக்கம் போக வேண்டும். இடையில் சுமார் 30 கி.மீ. அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய். ஆடிக் காற்று நமக்கு வந்து சேரும் வாசல் அது. உயரத்தில் இரு மலைகளும் ஏறக்குறைய ஒன்று: நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமலையின் ஆனைமுடி 2,695.

காற்று தாண்டும் அந்த வாசலை ஒரு சிறு பறவை தாண்டவில்லை. இரு மலைகளின் சோலைக்காடுகளிலும், தரையை ஒட்டிய நிழலில் பூச்சி பொறுக்கும் நீலப் பறவை ஒன்று உண்டு. வடக்கே இருப்பதற்கு விலாவில் செம்பழுப்பு. தெற்கே இருப்பதற்கு அந்தச் சாயல் இல்லை, வயிற்றில் வெள்ளை மட்டும். உடன்பிறப்புகளான இவற்றை இன்று தனித்தனி இனங்களாகவே கொள்கிறார்கள். 2017-இல் அறிவியல் இவற்றுக்குச் சூட்டிய பேரினப் பெயர் 'சோலிகோலா'. லத்தீன் வாலை நீக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது நம்முடைய சோலைதான்.

மனிதர்கள் வந்த விதம் வேறு. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறினார். தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளுக்கு அருகே, குளிரை நாடியவர்களுக்காக ஊட்டி எழுந்தது. 1868-இல் நீலகிரி கோவையிலிருந்து பிரிந்து தனி நிர்வாகமாயிற்று. ஆனைமலையை நாடிவந்தவர்களுக்குக் குளிர் பொருட்டல்ல. தேக்கு வேண்டியிருந்தது, கப்பலுக்கும் பிறகு ரயிலுக்கும். வெட்டிய மரத்தைச் சரிவில் உருட்டிவிட்ட இடம்தான் டாப்ஸ்லிப். காடர்களும் மலசர்களும் வாழ்ந்த அந்தக் காட்டில், வெட்டித் தீர்ந்த தேக்கை மீண்டும் வளர்க்கப் பாடுபட்ட வன அலுவலர் ஹ்யூகோ வுட், 1933-இல் இறந்து அங்கேயே அடக்கமானார்.

இங்கேதான் எனக்கு வியப்பு. ஊட்டிச் சரிவுகளில் புல்வெளியை மூடி நிற்கும் தைலமரமும் சீகையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை; டாப்ஸ்லிப் தேக்கு அந்த மண்ணுக்கே உரியது. ஆயினும் இரண்டிலும் வரிசை பிடித்து நட்ட கை தெரிகிறது. சுற்றுலா போகும் நாம் இரண்டையும் 'காடு' என்றே சொல்லிவிட்டு வருகிறோம். மரம் இழுத்த யானைகளுக்கும் இரு பக்கமும் முகாம் உண்டு: வடக்கே தெப்பக்காடு, தெற்கே கோழிகமுத்தி.

சமவெளிக்கு வந்தது என்ன என்று பார்த்தால் உறவு இன்னும் நெருங்குகிறது. நீலகிரி கொடுத்தது மின்சாரம்: பைக்காரா 1932-இல் இயங்கியதும் கோவை மில்கள் பெருகின, மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் இறங்கியது. ஆனைமலை கொடுத்தது நேரடியாகத் தண்ணீர்: மேற்கே கடலுக்கு ஓடிய ஆறுகளைப் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் 1960-களில் கிழக்கே திருப்பியது. ஒன்று கிணற்றின் அடியிலிருந்து நீரை மேலே ஏற்றியது, மற்றொன்று வாய்க்கால் வழியே வயலுக்கு இறக்கியது. வடக்கே மோட்டாரைத் துரத்திக்கொண்டு நீர்மட்டம் கீழே போக, ஆயிரம் அடி போர்வெல் இன்று யாருக்கும் புதிதல்ல. தெற்கே வாய்க்கால் நீரை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்திருக்கிறார்கள். உடுமலைப் பக்கத்து விவசாயி தன் மண்டலத்துக்கு எப்போது மடை திறப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.