உடற்களைப்பும் இரும்புச்சத்தும்

உடற்பயிற்சியிலும் உடலுழைப்பிலும் உண்டாகும் களைப்பைக் குறைக்கச் சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், இரும்பு முதலிய கனிமங்கள் மாத்திரையாகவும் பானமாகவும் உட்கொள்ளப்படுகின்றன. இவற்றுள் களைப்புடன் மிகத் தெளிவான தொடர்புடையது இரும்பு. குறைபாடு உள்ளவருக்கு இரும்பு மாத்திரை பெரும்பயன் தரும். இரும்பு போதிய அளவில் உள்ளவருக்குக் கூடுதல் வலிமை எதையும் தராது.

செயல்படும் முறை

உடலிலுள்ள இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. நுரையீரலிலிருந்து தசைகளுக்கு ஆக்சிஜனைக் கொண்டுசெல்வது இதுவே. இது குறைந்தால் அதே வேலைக்கு இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

இலங்கை ஆய்வுகள்

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் கார்டனர், எட்ஜர்டன், சேனவிரத்ன முதலியோர் நடத்திய ஆய்வுகள் 1977, 1979-ஆம் ஆண்டுகளில் வெளியாயின. ஹீமோகுளோபின் குறைந்த பெண்களால் ஓடுபொறியில் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஒரு மாதம் இரும்பு கொடுத்து ஹீமோகுளோபின் உயர்ந்ததும் அவர்கள் பறித்த கொழுந்தின் அளவு கூடியது. கடும் சோகை (ஹீமோகுளோபின் குறைவு) உள்ளவர்களிடமே முன்னேற்றம் மிகுதியாக இருந்தது. சோம்பல் என்று பழிக்கப்படும் களைப்புக்குப் பின்னால் சோகை இருக்கக்கூடும் என்பதற்கு இவை உறுதியான சான்று.

ஆனைகட்டி, அட்டப்பாடி

எல்லாச் சோகையும் இரும்பு மாத்திரையால் தீர்வதில்லை என்பதற்கு அட்டப்பாடி எடுத்துக்காட்டு. கோவை–பாலக்காடு எல்லையிலுள்ள ஆனைகட்டி வழியே கேரளத்தின் அட்டப்பாடிக்குள் நுழையலாம். இருளர், முடுகர், குறும்பர் வாழும் இப்பகுதியில் இரும்புக் குறைபாட்டுச் சோகையுடன் அரிவாளணுச் சோகையும் காணப்படுகிறது. பின்னது பரம்பரை நோய்; சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து விரைவில் சிதைவதால் களைப்பு வருகிறது. இதை இரும்பு மாத்திரை குணப்படுத்தாது. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவருக்கு உடலில் இரும்பு மிகையாகத் தேங்கும் ஆபத்தும் உண்டு. கடும் உழைப்பும் நீரிழப்பும் இந்நோயாளிகளுக்குத் தாங்க முடியாத வலியைத் தூண்டலாம். எனவே இங்கு இரத்தப் பரிசோதனையே முதல் மருத்துவம். இந்தியாவில் அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம் 2023-இல் தொடங்கப்பட்டது.

உணவும் அளவும்

பயறு, கீரை, ஈரல், மீன் ஆகியவற்றில் இரும்பு உண்டு. நெல்லிக்காயும் எலுமிச்சையும் அது உடலில் சேர உதவும். சாப்பாட்டுடன் குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். கேழ்வரகை முளைகட்டினால் அதன் இரும்பு எளிதில் சேரும். 2018-இல் தொடங்கிய சோகையற்ற இந்தியா திட்டத்தில் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு மாத்திரை (60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம்) வழங்கப்படுகிறது. அளவு மிஞ்சினால் இரும்பு நஞ்சாகும். மாத்திரைகள் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.