பெயர் வந்த வழி – 14: மாரியம்மாள்

மலாக்கா காஜா பெராங்கில் செட்டிகள் அம்மன் திருவிழாவை ‘டத்தோ சாச்சார்’ என்பார்கள். வீட்டில் மலாய் பேசும் சமூகம் அது. சாச்சார் என்றால் அம்மை. டத்தோ என்பதோ பெரும்பாலும் ஆண்களுக்கு உரிய மரியாதைச் சொல். மாரியம்மனுக்கே டத்தோ பட்டம் கொடுத்துவிட்டார்கள்! அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் 1822-இல் எழுந்தது. ‘முத்து’ என்பதும் அம்மைதான். கொப்புளம் என்று வாய் கூசாமல் சொல்வார்களா? ‘முத்துப் போட்டிருக்கு’ என்பார்கள்.

மாரி என்றால் மழை. பாரியை மட்டும் எல்லாரும் புகழ்கிறார்களே, உலகைக் காக்க மாரியும் இருக்கிறதே என்று கபிலர் புறநானூற்றில் சொன்ன அதே மாரி. வடமொழியில் மாரி என்பது கொள்ளைநோய். அம்மன் பெயர் எந்த மாரியிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு. கும்பிடுகிறவர்களுக்கு வழக்கே இல்லை: கோடையில் அம்மை வரும், மழை பெய்தால் மண்ணும் உடம்பும் குளிரும், இரண்டும் ஒருத்தி கையில்.

1896-இல் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் அதை வணிகப் பயிராக முதலில் நட்டவர்களில் அவரும் ஒருவர். தோட்டங்கள் பெருகப் பெருக, கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டி வந்தார்கள்; அம்மனும் கூடவே வந்தாள். லயத்துப் பக்கம் மரத்தடியில் ஒரு கல், மஞ்சள் துணி, வேப்பிலை. பிறகு தகரக் கூரை. அவள் பெயரே பிள்ளைகளுக்கும்: மாரியம்மாள், மாரியாயி, முத்துமாரி.

அவர்கள் விட்டு வந்த சேலத்திலும் நாமக்கல்லிலும் மாரி பெய்தால் கிணறு நிறையும், அடுப்பு எரியும். தோட்டத்தில் கதை வேறு. இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குப் போகிறவளுக்கு ராத்திரி மழை பகை. பட்டை ஈரமாயிருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காது, மரமெல்லாம் வழியும். வெட்டிய பிறகு பெய்தால் மங்கில் பாலோடு தண்ணீரும் சேர்ந்து வீணாகும். வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. மழையின் பெயரைச் சுமந்தவளே வானத்தைப் பார்த்து, ‘இன்னிக்கு மட்டும் வேணாம் தாயே’ என்று கையெடுத்திருப்பாள். அந்தப் பெயருக்கு இதைவிடப் பெரிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மை ஒழிந்ததாக 1980-இல் அறிவித்தார்கள். இன்று மாரியம்மாள்கள் பெரும்பாலும் பாட்டிகள். அவர்களின் பிறப்புச் சான்றிதழை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கிராணியின் கைப்போக்கில் அந்தப் பெயர் ரூமியில் என்னென்ன வடிவம் எடுத்திருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் காளியம்மாள்.